நேற்றுத் திறந்த படலை: அப்டேட்டுக்குப் பிறகு மறுக்கப்படும் லொகின்களின் கதை

தூரத்தில் இருக்கிற ஒரு சேர்வருக்குள் நுழைந்து வேலை செய்கிற எவருக்கும் 'பெர்மிஷன் டினைட்' என்ற இரண்டு சொற்கள் நல்ல பழக்கம். அனுமதி மறுக்கப்பட்டது, அவ்வளவுதான். ஏன் மறுத்தது, எப்போதிலிருந்து மறுக்கிறது என்று ஒரு சொல் கூட இருக்காது. நேற்றிரவு வரை அதே மடிக்கணினி, அதே கடவுச்சொல், அதே திறப்புக் கோப்பு எல்லாம் வேலை செய்தன. இரவோடு இரவாக சேர்வரின் இயங்குதளத்தை யாரோ அப்டேட் பண்ணியிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் படலை பூட்டு. உடனே எல்லோர் வாயிலும் வருகிற வசனம் ஒன்றுதான்: "அப்டேட் பண்ணிப் பழுதாக்கிப் போட்டாங்கள்."

நாங்கள் சொல்ல வருவது கொஞ்சம் வேறு. கனதரம் அங்கே ஒன்றும் பழுதாகியிருக்காது. அந்த அப்டேட் தான் செய்ய வந்த வேலையைத்தான் செய்திருக்கும்: முன்பு நம்பிய ஏதோ ஒன்றை இனி நம்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கும். அந்த முடிவுக்கு ஒரு திகதி உண்டு, பின்னால் ஒரு சம்பவம் உண்டு, சில ஆட்களின் பெயர்களும் உண்டு. அதாவது அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கலைப்பீடத்துக்காரருக்கு சேர்வரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். பழைய சஞ்சிகை, துண்டுப்பிரசுரம், வாய்மொழிப் பதிவு என்று எங்கட பக்கத்து ஆவணங்களில் கனக்க இப்ப ஸ்கேன் பண்ணி எங்கேயோ ஒரு சேர்வரில்தான் கிடக்கின்றன. படலை பூட்டினால் உள்ளே மாட்டுவது அவையும்தான்.

வேடிக்கை என்னவென்றால், தூர லொகினின் வரலாறு தொடங்குவதே ஒரு தோல்வியில். 1969 ஒக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், லெனார்ட் கிளைன்ரொக்கின் ஆய்வுகூடத்திலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர் வடக்கே மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்துக் கணினிக்குள் நுழையப் பார்க்கிறார். மறுபக்கத்தில் பில் டுவால் ரெலிபோனில் நிற்கிறார். 'லொகின்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். 'எல்' போய்ச் சேர்ந்தது. 'ஓ' போய்ச் சேர்ந்தது. 'ஜி' தட்டியதும் மறுபக்கக் கணினி விழுந்துவிட்டது.

காரணம் சின்னது. மூன்று எழுத்து வந்ததும், மிச்சத்தைத் தானே நிரப்பி உதவி செய்வது அந்தக் கணினியின் பழக்கம். அப்படி ஒரே தடவையில் பல எழுத்துகள் திரும்பி வரும் என்று இணைப்பைக் கவனித்த நிரலில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை. டுவால் அந்த இடத்தைப் பெரிதாக்கினார், கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலத்தில் லொகின் சரிவந்தது. ஒரு பக்கம் பேசுகிற விதத்தை மறுபக்கம் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் அன்றைய பிரச்சினை. இன்றைக்கும் பாதிப் பிரச்சினை அதுதான். மற்றப் பாதி, அதாவது நம்பிக்கை, அந்த இரவில் யாருக்கும் ஞாபகம் கூட வந்திருக்காது. இணைப்பின் இரண்டு முனையிலும் ஆளை ஆள் தெரிந்தவர்கள்தானே.

அந்தத் 'தெரிந்தவர்கள்' என்ற உணர்வு பிறகு பல வருடங்களுக்கு மென்பொருளுக்குள்ளேயே தங்கிவிட்டது. டெல்நெட் என்ற முறையில் நீங்கள் தட்டும் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் வலையமைப்பு வழியாகப் போகும், தபாலட்டையில் எழுதி அனுப்புவது போல. 1983 இல் பேர்க்லியிலிருந்து வந்த யூனிக்ஸ் பதிப்பில் ஆர்லொகின் என்ற வசதி இன்னும் ஒரு படி மேலே போனது. "இன்ன கணினியிலிருந்து இன்ன ஆள் வந்தால் கடவுச்சொல்லும் கேட்க வேண்டாம், உள்ளே விடு" என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குப் படலை எப்பவும் திறந்துதான் இருக்கும் என்ற மாதிரி.

1988 நவம்பர் 2 ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு மாணவராக இருந்த ரொபர்ட் மொரிஸ் எழுதிய ஒரு நிரல், தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு இணையம் முழுக்கப் பரவியது. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று இந்த நம்பிக்கைப் பட்டியல்தான். ஒரு கணினிக்குள் நுழைந்தால், அது நம்புகிற அடுத்த கணினி தானாகத் திறந்தது. பாதிக்கப்பட்டவை 6,000 என்று அப்போது சொன்னார்கள், அது ஊகக் கணக்குத்தான். 1990 இல் மொரிஸ் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆனால் டெல்நெட்டும் ஆர்லொகினும் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு கெட்ட பழக்கத்தை விட ஒரு சம்பவம் போதாது போல.

1994 பெப்ரவரியில் அமெரிக்காவின் சேர்ட் அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது: வலையமைப்பில் ஒளித்திருந்து கடவுச்சொற்களைக் கேட்டு எடுக்கிற நிரல்கள் பரவிக்கொண்டிருக்கின்றன என்று. அடுத்த வருடம் அதே பிரச்சினை பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென், பல்கலைக்கழக வலையமைப்பில் நடந்த கடவுச்சொல் திருட்டைப் பார்த்துவிட்டு, கடவுச்சொல்லும் பேச்சும் முழுக்க மறைகுறியாக்கப்பட்டுப் போகும் ஒரு முறையை எழுதினார். அதுதான் எஸ்எஸ்எச். 1995 ஜூலை 10 ஆம் திகதி அவர் இணைய எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, 22 ஆம் இலக்கப் போர்ட்டைக் கேட்டார். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23. தன்னுடையது இந்த இரண்டுக்கும் மாற்று என்பதால் நடுவில் இருந்த 22 பொருத்தமாகப்பட்டது. அடுத்த நாளே ஜோய்ஸ் ரெனால்ட்ஸிடமிருந்து சம்மதம் வந்தது. இன்றைக்கு உலகத்தில் அனேகமாக எல்லா லினக்ஸ் சேர்வர்களும் காத்திருக்கிற இலக்கம் இப்படி ஒரு மின்னஞ்சலில் கிடைத்ததுதான். யுலோனென் பிறகு கொம்பனி தொடங்கினார், உரிமங்கள் இறுகின. பழைய இலவசப் பதிப்பிலிருந்து பிரித்தெடுத்து ஓபன்பிஎஸ்டி ஆட்கள் 1999 டிசம்பரில் ஓபன்எஸ்எஸ்எச்சை வெளியிட்டார்கள். இன்றைக்கு நாங்கள் லொகின் பண்ணுவது பெரும்பாலும் இதனூடாகத்தான்.

இனி வருகிற கதைகள் விளங்க எஸ்எஸ்எச்சில் இரண்டு திறப்பு இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒன்று சேர்வருடையது: "நான்தான் அந்த சேர்வர்" என்று அது தன்னை நிரூபிக்க வைத்திருப்பது. மற்றது உங்களுடையது: "நான்தான் அந்த ஆள்" என்று நீங்கள் நிரூபிக்க வைத்திருப்பது. முதல் தடவை போகும்போது சேர்வரின் திறப்பு அடையாளத்தை உங்கள் கணினி ஒரு கோப்பில் குறித்து வைக்கும். அடுத்த தடவை அது மாறியிருந்தால், பெரிய எழுத்தில் கத்தும்: மறுபக்கத்தின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ இடையில் நின்று ஏமாற்றலாம் என்று. சேர்வரைத் துடைத்துப் புதிதாக இயங்குதளம் போட்டால் இந்தத் திறப்பும் புதிதாக உருவாகும். அப்போது வருகிற முதலாவது லொகின் பிரச்சினை இதுதான். அனேகம் பேர் செய்வது என்னவென்றால், அந்தக் கோப்பில் இருக்கும் பழைய வரியை அழித்துவிட்டு, அடுத்த கேள்விக்கு 'யெஸ்' தட்டி உள்ளே போவது. ஏன் மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய சந்தர்ப்பம் 2023 மார்ச் 24 இல் வந்தது. கிட்ஹப் தன்னுடைய ஆர்எஸ்ஏ சேர்வர் திறப்பின் இரகசியப் பகுதி, யாரும் பார்க்கக்கூடிய ஒரு களஞ்சியத்தில் கொஞ்ச நேரம் வெளியே கிடந்துவிட்டது என்று அறிவித்து, அதை மாற்றியது. உலகம் முழுக்க நிரல் எழுதுகிறவர்களின் திரைகளில் அந்த எச்சரிக்கை கத்தியது. இந்தத் தடவை கத்தலுக்குக் காரணம் இருந்தது, புதிய அடையாளத்தை கிட்ஹப் வெளிப்படையாக அறிவித்தும் இருந்தது. அறிவித்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றவர்கள் ஒரு பக்கம், வழமை போல வரியை அழித்துவிட்டுப் போனவர்கள் மற்றப் பக்கம். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். யார் என்ன செய்தார்கள் என்று வெளியே தெரியாது.

ஆனால் இந்த வரலாற்றில் எங்களை அதிகம் பிடித்து நிறுத்தியது 2008 தான்.

டெபியன் என்பது தன்னார்வலர்கள் கட்டும் லினக்ஸ் வகை. உபுண்டு உட்படப் பல வகைகள் அதிலிருந்து பிறந்தவை. 2006 செப்டம்பரில் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் பொதியைப் பார்த்துவந்த ஒருவர் அதில் இரண்டு வரிகளை நீக்கினார். நினைவகப் பிழைகளைத் தேடும் ஒரு கருவி அந்த வரிகளைச் சுட்டிக்காட்டிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தது. நீக்கினால் ஏதும் பிரச்சினையா என்று ஓபன்எஸ்எஸ்எல் ஆட்களிடம் அவர் கேட்டும் இருந்தார். யாரும் பாய்ந்து தடுக்கவில்லை. அந்த வரிகளில் ஒன்றுதான் திறப்புகளை உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையை உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தது. அது போனபிறகு மிஞ்சியது அந்த நேரத்தில் ஓடும் செயல்முறையின் இலக்கம் மட்டும். அந்த இலக்கம் வழமையாக 32,768 ஐத் தாண்டாது. அதாவது கோடானுகோடி திறப்புகளில் ஒன்று வரவேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,768 திறப்புகளுக்குள் ஒன்றுதான் வந்தது. அத்தனையையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் படலை திறக்கும். கடையில் வாங்குகிற பூட்டுகளுக்கெல்லாம் நாலைந்து திறப்புத்தான் என்று ஊருக்கே தெரிந்தால் எப்படியிருக்கும், அது மாதிரி.

கிட்டத்தட்ட இருபது மாசம் யாருக்கும் தெரியாது. எல்லா லொகினும் வடிவாக வேலை செய்தது. இதுதான் இந்தக் கதையின் பயங்கரமான பகுதி. லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்க, 2008 மே 13 இல் டெபியன் அறிவித்தது. கையோடு வந்த அப்டேட் ஒன்று செய்தது: பலவீனமான திறப்புகளின் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் இருக்கிற எந்தத் திறப்போடு வந்தாலும் உள்ளே விடாதே என்று சேர்வருக்குச் சொன்னது. சேர்வரின் சொந்தத் திறப்புகளும் புதிதாக ஆக்கப்பட்டன.

இப்ப அப்டேட் பண்ணின ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். தூரத்திலிருந்து போனால், முதலில் "அடையாளம் மாறிவிட்டது" என்று எச்சரிக்கை. அதைத் தாண்டினால் "அனுமதி மறுக்கப்பட்டது". இரண்டு வருடமாக வேலை செய்த எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் அப்டேட் எல்லாவற்றையும் உடைத்த மாதிரி. உண்மையில், இருபது மாசமாக உடைந்து கிடந்தது அன்றைக்குத்தான் திருத்தப்பட்டது. லொகின் வேலை செய்த காலம்தான் பழுதான காலம். இன்னொன்றும் உண்டு. டெபியன் மடிக்கணினியில் ஆக்கிய திறப்பை வேறொரு வகைச் சேர்வரில் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சேர்வர் ஒன்றுமே சொல்லவில்லை, ஏனென்றால் அதனிடம் அந்தப் பட்டியல் இல்லை. அவர்கள் வழமை போல லொகின் பண்ணிக்கொண்டு, பிரச்சினை தங்களுக்கு இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்தவை சிலவற்றைக் கெதியாகச் சொல்லிவிடலாம். 2015 ஓகஸ்டில் ஓபன்எஸ்எஸ்எச் 7.0 வந்தது. 'ரூட்' என்ற தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல்லால் நுழைவது அதன் இயல்பு அமைப்பில் நிறுத்தப்பட்டது, டிஎஸ்ஏ வகைத் திறப்புகளும் அப்படியே. ரூட் கடவுச்சொல் ஒன்றை மட்டும் வைத்துச் சேர்வர் நடத்தியவர்கள் அடுத்த இயங்குதளப் பதிப்புக்கு மாறியபோது வெளியே நின்றார்கள். விண்டோஸ் பக்கம் 2018 இல் நடந்தது இன்னும் சுவாரசியம். தூரத் திரை இணைப்பு பயன்படுத்துகிற கிரெட்எஸ்எஸ்பி முறையில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச்சில் மைக்ரோசொப்ட் திருத்தம் விட்டது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. மே 8 ஆம் திகதி அப்டேட்டில் இயல்பு அமைப்பை மாற்றியது: திருத்தாத சேர்வரோடு இனிப் பேசமாட்டேன் என்று. இங்கே மறுத்தது சேர்வர் இல்லை, உங்கள் மேசையில் இருக்கிற கணினி. சேர்வரைத் திருத்துவதுதான் வழி. ஆனால் கனபேர் செய்தது அப்டேட்டை நீக்குவது, அல்லது "ஓட்டையோடே பரவாயில்லை" என்று பதிவகத்தில் ஒரு மதிப்பை மாற்றுவது. தற்காலிகமாகத்தான். அந்தத் தற்காலிகத்துக்கு யாரும் முடிவுத் திகதி போடுவதில்லை.

2022 இன் கதை எங்களுக்குக் கொஞ்சம் கிட்ட. எஸ்எஸ்எச்சில் நீங்கள் திறப்பைக் காட்டுவதென்றால் உண்மையில் ஒரு கையொப்பம் இடுகிறீர்கள். பழைய ஆர்எஸ்ஏ கையொப்பம் ஷா-1 என்ற கணக்கு முறையில் தங்கியிருந்தது. 2017 பெப்ரவரியில் அம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் கூகிளும் சேர்ந்து, ஷா-1 இல் ஒரே விடை தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளைச் செய்து காட்டின. 2020 ஜனவரியில் கெய்த்தான் லூரானும் தோமா பெய்ரானும் இன்னும் ஆபத்தான வகை மோதலைச் செய்து காட்டினார்கள். அதற்கான செலவு 50,000 டொலருக்கும் குறைவு என்பதைக் காரணமாகச் சொல்லி, ஓபன்எஸ்எஸ்எச் அந்தப் பெப்ரவரியிலேயே முன்னறிவித்தல் கொடுத்தது. 2021 செப்டம்பரில் 8.8 பதிப்பில் அந்தக் கையொப்பம் இயல்பு அமைப்பில் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரல் 21 இல் வந்த உபுண்டு 22.04 அந்த மாற்றத்தோடு வந்தது.

இங்கே எல்லோரையும் குழப்பியது ஒரு பெயர். 'எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ' என்பது திறப்பு வகைக்கும் பெயர், பழைய கையொப்ப முறைக்கும் அதே பெயர். சேர்வரின் பதிவேட்டில் 'எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ ஏற்கப்படவில்லை' என்று பார்த்தவர்கள் தங்கட திறப்பே செத்துவிட்டது என்று நினைத்தார்கள். அப்படியில்லை. ஆள் அதே ஆள், அடையாள அட்டையும் அதே அட்டை. கிராம அலுவலரிடம் கையெழுத்து வாங்குகிற படிவம்தான் பழையது. அதே திறப்பால் புதிய முறையில் கையொப்பமிட முடியும். உங்கள் பக்கத்து மென்பொருளுக்கு அந்தப் புதிய முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு அது 2016 இலிருந்தே தெரியும். விண்டோஸில் எல்லோரும் பாவிக்கிற புட்டி என்ற சின்ன மென்பொருளுக்கு 2021 மே மாதம் வந்த 0.75 பதிப்பில்தான் தெரிந்தது.

அந்த ஏப்ரலில் இலங்கை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உபுண்டு வெளிவர ஒன்பது நாளுக்கு முதல், ஏப்ரல் 12 இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாசம் 360 ஐ எட்டியது. புதுக் கணினி பற்றிக் கதைக்கவே ஏலாத நேரம். பத்து வருடம் பழைய கணினி, அதில் எப்பவோ போட்ட புட்டி, வெளிநாட்டில் இருக்கிற சேர்வரை அதன் சொந்தக்காரர் அப்டேட் பண்ணிவிட்டார்: "உங்கள் திறப்பை சேர்வர் மறுத்துவிட்டது" என்று ஒரு வரி. இந்த மாதிரி நேரத்தில் திறப்பு, கணினி, ஆள் எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். தேவைப்பட்டதோ ஒரு சின்ன இலவசக் கோப்பைத் திரும்ப இறக்குவது மட்டும். காசு இல்லாததை விட, காரணம் தெரியாததுதான் அங்கே பெரிய தடை. ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. பழைய ரவுட்டர், சுவிட்ச், ஆய்வுகூடக் கருவி போன்றவற்றுக்கு உற்பத்தியாளர் புது மென்பொருள் விடுவதை நிறுத்தியிருந்தால், புது உபுண்டு அவற்றோடு பேச மறுக்கும்போது மிஞ்சுவது இரண்டே வழி: புதிது வாங்குவது, அல்லது அந்த ஒரு கருவிக்கு மட்டும் பழைய முறையைத் திரும்ப அனுமதிப்பது. பாதுகாப்பு நிபுணர்கள் இரண்டாவதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். வாங்க வசதியுள்ள இடத்திலிருந்து சுளிப்பது லேசு. எங்கட அபிப்பிராயம், அந்த ஒரு கருவிக்கு மட்டும் என்று எல்லை போட்டுச் செய்தால் அது நியாயமான தீர்வுதான். முழுக் கணினிக்குமே திறந்துவிட்டு மறந்துபோவதுதான் பிழை.

2024 இல் இரண்டு சம்பவம். மார்ச் மாதம் மைக்ரோசொப்டில் வேலை செய்யும் அண்ட்ரெஸ் ஃபிரொய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், தன்னுடைய டெபியன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் லொகின்கள் மந்தமாகிவிட்டதைக் கவனித்தார். 0.3 செக்கன் எடுத்தது 0.8 செக்கன் எடுத்தது. பிழையான பெயர்களோடு வந்து மறுக்கப்பட்ட லொகின்கள் கூட கணினியின் சக்தியை அளவுக்கு மீறித் தின்றன. அரைச் செக்கன்தானே என்று விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த மென்பொருளை நீண்டகாலம் லாஸ்ஸெ கொலின் என்பவர் ஏறத்தாழத் தனி ஆளாகப் பார்த்து வந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு, பிறகு இதைச் செய்தார். ஃபிரொய்ண்ட் மார்ச் 29 இல் அறிவித்ததால் அது நிலையான பதிப்புகளுக்குள் போக முதல் பிடிபட்டது. 1983 இன் நம்பிக்கைப் பட்டியல் ஞாபகம் வருகிறதா? இந்தத் தடவை பட்டியலில் இருந்தது கணினி இல்லை, ஆள்.

மற்றது ஜூலை 1. குவாலிஸ் நிறுவனம் ஓபன்எஸ்எஸ்எச்சில் ஓர் ஓட்டையை அறிவித்தது. 2006 இல் அடைத்த ஓட்டை, 2020 இல் நடந்த ஒரு மாற்றத்தால் திரும்பத் திறந்திருந்தது. அதே நாளில் 9.8 பதிப்பு வந்தது, எல்லோரும் அவசரமாக அப்டேட் பண்ணினார்கள். ஆர்ச் லினக்ஸ் பாவித்தவர்களுக்கு உடனே வேறு பிரச்சினை: புதிய லொகின் ஒன்றும் வேலை செய்யவில்லை. இங்கே யாரும் எதையும் நம்ப மறுக்கவில்லை. எஸ்எஸ்எச் சேவை ஒவ்வொரு புதிய வருகைக்கும் வட்டில் இருக்கிற தன்னுடைய கோப்பையே திரும்ப ஓட்டும். 9.8 இல் அந்த வேலையை இரண்டு தனி நிரல்களாகப் பிரித்துவிட்டார்கள். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது பழையது, வட்டில் இருந்தது புதியது. பழையது புதியதை அழைத்தது, ஒன்றை ஒன்று விளங்கவில்லை. அச்சொட்டாக 1969 தான். சேவையை ஒரு தடவை மீளத் தொடங்கினால் சரி. ஆனால் அதற்கு உள்ளே இருக்க வேண்டும். ஏற்கனவே உள்ளே இருந்தவர்களின் இணைப்பு அறுபடவில்லை, அவர்கள் தப்பினார்கள். அப்டேட் முடிந்தது என்று இணைப்பை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனவர்கள் வெளியே.

இதெல்லாம் தெரிந்தால் பூட்டின படலைக்கு முன்னால் நின்று என்ன செய்வதென்று பெரும்பாலும் தானே விளங்கும். முதலில், அது எந்த வகை மறுப்பு என்று பார்க்க வேண்டும். பதிலே இல்லாமல் காத்திருந்தால் வழியில் தீச்சுவர் நிற்கலாம். உடனே 'இணைப்பு நிராகரிக்கப்பட்டது' என்றால் படலைக்குப் பின்னால் ஆளே இல்லை, அதாவது எஸ்எஸ்எச் சேவை தொடங்கவில்லை. புதிய பதிப்புக்கு விளங்காத ஒரு வரி பழைய அமைப்புக் கோப்பில் இருந்தாலும் இப்படி நடக்கும். பொருத்தமான முறை இல்லை என்றால் இரண்டு பக்கமும் பொது மொழி இல்லாமல் நிற்கின்றன. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றால்தான் உங்களை அது கண்டது, வேண்டாமென்றது. வெளியில் நிற்பவருக்கு அது காரணம் சொல்லாது, தாக்க வந்தவருக்கும் அதே பதில்தானே போகும். காரணம் உள்ளே இருக்கிற பதிவேட்டில் இருக்கும். உள்ளே போக முடியாவிட்டால் சேர்வரை வாடகைக்குத் தருகிறவர்களின் கொன்சோல் வழி இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எஸ்எஸ்எச் கட்டளையோடு 'வி' என்ற தெரிவை மூன்று தடவை சேர்த்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று வரிவரியாகக் காட்டும். அப்டேட் பண்ணுகிற ஆள் நீங்களே என்றால், இருக்கிற இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு சாளரத்தில் புதிதாக லொகின் பண்ணிப் பாருங்கள். அது சரிவந்தால் மட்டும் முதலாவதை மூடுங்கள். எல்லாம் பார்த்த பிறகு, அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பை வாசிக்க வேண்டும். வரலாற்று மாணவர்களுக்கு இது பழகிய வேலைதான். எந்தத் திகதியில் எதை, என்ன காரணம் சொல்லி நிறுத்தினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். ஓபன்எஸ்எஸ்எச்சின் குறிப்புகள் இந்த விசயத்தில் நேர்மையானவை, கனதரம் வருடக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடும்.

டிஎஸ்ஏ திறப்புகளை 2015 இல் இயல்பு அமைப்பில் நிறுத்தியவர்கள் அதை முழுவதுமாக அகற்றியது 2025 ஏப்ரலில் வந்த 10.0 பதிப்பில், பத்து வருடம் கழித்து. அதே வருடம் ஒக்டோபரில் வந்த 10.1 இன்னொரு எச்சரிக்கையைத் தொடங்கியிருக்கிறது. குவாண்டம் கணினிக்குத் தாக்குப்பிடிக்காத முறையில் திறப்புப் பரிமாற்றம் செய்கிற சேர்வரோடு இணைந்தால், இன்றைக்குப் பதிந்து வைத்திருக்கிற பேச்சை நாளைக்கு யாராவது உடைக்கலாம் என்று திரையில் ஒரு குறிப்பு வரும். இப்போதைக்கு அது குறிப்பு மட்டும்தான். லொகின் வேலை செய்யும்.